புஷ்டி: எடையா, ஊட்டமா?

ஊரிலிருந்து மும்பையில் மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ வந்து இறங்கும் பாட்டி, பேரனைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார். ஒன்று, "நல்லா புஷ்டியா இருக்கான்." இல்லாவிட்டால், "என்னடி, பிள்ளை இப்படி இளைச்சுக் கிடக்கு?" 'சரியா இருக்கான்' என்று ஒரு தீர்ப்பு வந்து நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு மராட்டி அம்மாளும் இதே கட்சி. கன்னம் உப்பியிருந்தால் 'குட்குடீத்'. கொஞ்சம் ஒட்டியிருந்தால் 'கிதீ பாரீக் ஜாலாய்', எவ்வளவு மெலிந்துவிட்டான் என்று அங்கலாய்ப்பு.

புஷ்டி வடமொழிச் சொல். 'புஷ்' என்ற வேரிலிருந்து வந்தது. பேணுதல், வளர்த்தல், செழித்தல் என்பதே வேரின் பொருள். போஷித்தல், போஷணை, பௌஷ்டிகம் எல்லாம் அதே வேரில் பிறந்தவை. மும்பைக் கடைகளில் விற்கும் பௌஷ்டிக் லாடு, 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டமான போஷண் அபியான், அங்கன்வாடி ஊழியர் வாயில் அடிக்கடி வரும் 'குபோஷண்' (ஊட்டக் குறைவு) எல்லாமே இந்தக் குடும்பம்தான். இந்திக்காரர்கள் இந்தச் சொல்லை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்திச் செய்தியில் 'புஷ்டி' என்றால் ஒரு தகவலை உறுதிப்படுத்துவது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வருவது அந்தப் பொருளாகத்தான் இருக்கும்.

கஷ்டம் கட்டமாகவும் நஷ்டம் நட்டமாகவும் ஆவதுபோல, தமிழ் ஒலிமரபுப்படி புஷ்டி 'புட்டி' ஆக வேண்டும். ஆனால் புட்டி என்றால் இன்று நமக்குப் பாட்டில்தான் நினைவுக்கு வரும். 'புட்டியான குழந்தை' என்று எழுதினால் படிப்பவர் புட்டிப்பாலைத் தேடுவார். ஆகவே அது வேண்டாம்.

சரி, வேரில் இருப்பது பேணுதல். நம் பேச்சிலோ புஷ்டி என்பது சதை. கையைப் பிடித்தால் மடிப்பு இருக்க வேண்டும், தொடையில் இரண்டு கோடு விழ வேண்டும். ஊட்டமும் பருமனும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டதால், பெற்றவர் கண்ணும் அப்படியே பழகிவிடுகிறது.

இது நம் வீட்டுக் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2007 முதல் 2012 வரை எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 2 முதல் 5 வயதுள்ள மிகை எடை ஆண் குழந்தைகளின் பெற்றோரில் ஏறத்தாழ 100க்கு 95 பேர் 'எங்கள் பிள்ளை சரியான எடைதான்' என்றே சொல்லியிருக்கிறார்கள். சுற்றியுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தானே பார்க்கிறோம்? எல்லாரும் பருத்தால் பருமனே வழக்கமாகிவிடும்.

நம் பக்கம் இதற்கு மறுபாதியும் உண்டு. சரியாக வளரும் பிள்ளையை 'நோஞ்சான்' என்று எண்ணிக்கொள்வது. அதற்குக் காரணம் வளர்ச்சியிலேயே இருக்கிறது. 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது, அதாவது மூன்று மடங்கு. அப்புறம் இந்த வேகம் கிடையாது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும், உயரமோ கூடிக்கொண்டே போகும். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு (பி.எம்.ஐ.), பிறந்த புதிதை விட்டால், ஐந்து, ஆறு வயதுவாக்கில்தான் மிகக் கீழே இறங்குகிறது. கன்னம் வற்றும், விலா எலும்பு லேசாகத் தெரியும், பசியும் குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் "சாப்பிட்டது உடம்புல ஒட்டவே மாட்டேங்குது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளையின் பின்னால் ஓடுகிறோம், பாலில் சத்துமாவோடு இரண்டு கரண்டி சர்க்கரை கலக்கிறோம்.

மூன்று வயது ஆண் குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அட்டவணையின் நடு அளவு 14.3 கிலோ, பெண் குழந்தைக்கு 13.9. "அது வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் போட்ட கணக்கு" என்று ஒதுக்கவும் முடியாது. ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து போட்ட கணக்கு அது. அதில் நம் தெற்கு தில்லிக் குழந்தைகளும் உண்டு.

தமிழில் இன்னொரு பழைய சொல் இருக்கிறது: சவலை. அடுத்த குழந்தை வயிற்றில் வந்துவிட்டதால் தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்த பிள்ளையைக் குறிப்பது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கா மொழி பேசுவோரும் இதே நிலைக்கு 'குவாஷியோர்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் அதை மருத்துவ நூலுக்குள் கொண்டுவந்தார். அந்த நோயில் குழந்தையின் முகமும் கால்களும் வீங்கும். பார்க்கிறவருக்கு உருண்டையாக, 'புஷ்டியாக'த் தெரியும். உள்ளே கடுமையான ஊட்டக் குறைவு. வீங்கிய காலை விரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். கொழுத்த காலில் அப்படி நிற்காது.

வளர்ச்சி குன்றிய குழந்தையும் கண்ணை ஏமாற்றும். உயரம் குறைவு, அதனால் உருண்டு திரண்டு தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் 35.5 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 3.4 விழுக்காடு மிகை எடையினர். தாராவி அங்கன்வாடியில் தராசில் உட்கார வைத்து எடுக்கும் எடை, வயதுக்கு எடை சரியா என்பதைச் சொல்லும். உயரத்தையும் அளந்து சேர்த்துப் பார்த்தால்தான் மெலிவா பருமனா என்று தெரியும்.

புஷ்டிக்குத் தமிழ், ஊட்டம். உண் என்பதன் பிறவினை ஊட்டு, அதிலிருந்து வந்தது. உண்பது பிள்ளையின் வேலை, ஊட்டுவது பெற்றவர் வேலை. இந்தச் சொல்லுக்குள்ளேயே தாயின் பெருமையும் பதற்றமும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எடை, சதை என்ற பொருள் இதில் ஒட்டியிருக்கவில்லை. மெலிந்த பிள்ளையும் ஊட்டமாக இருக்கலாம். சதைப்பிடிப்பைச் சொல்ல வேண்டுமானால் 'கொழுகொழு' இருக்கிறது. மருத்துவர் ஓவர்வெயிட் என்றால் மிகை எடை, அண்டர்வெயிட் என்றால் எடைக் குறைவு. 'குண்டு' வேண்டாம், பள்ளிக்கூடத்தில் அது பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.