ஒரு மைக் சொல்வதை நம்பி ஈக்வலைசரைத் தொடாதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கல்யாண மண்டபம் என்றால் தரையில் கிரானைட், சுவரில் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். மெருகேற்றிய கிரானைட் தன் மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். மீதியெல்லாம் திரும்பி வரும். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள காலி மண்டபத்தில் ஒலி 60 டெசிபல் தணிய 3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஸ்பீக்கரின் ஒலியைத் திருத்த, அதாவது ஈக்வலைசரில் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் ஏற்றி இறக்க, நடுவில் ஒரே மைக்கை நட்டு அளந்தால் என்ன ஆகும்?

ஸ்பீக்கர் 2.5 மீட்டர் உயரத்திலும், மைக் உட்கார்ந்தவரின் காது உயரமான 1.2 மீட்டரிலும் இருக்கட்டும். 8 மீட்டர் தள்ளி அளந்தால், தரையில் பட்டு வரும் ஒலி நேராக வருவதைவிட 71 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது. அந்த நீளம் அரை அலையாக அமையும் சுமார் 240 ஹெர்ட்ஸில் இரண்டும் மோதி அழிந்து, அளவீட்டுத் திரையின் கோட்டில் பள்ளம் விழும். 16 மீட்டருக்கு நகர்த்தினால் வித்தியாசம் 37 செ.மீ.யாகி, பள்ளம் 470 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். முதல் பள்ளத்தை நிரப்ப 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு சக்தி கொடுக்கும். ஆனாலும் பள்ளம் நிரம்பாது, ஏனென்றால் நேர் ஒலியும் எதிரொலியும் சேர்ந்தே ஏறுகின்றன. மற்ற இருக்கைகளில் 240 ஹெர்ட்ஸ் குமுறும். அதனால் நான்கு இடங்களில் மைக் வைத்து அளக்க வேண்டும். நான்கு மைக்கிலும் ஒரே அதிர்வெண்ணில் தெரியும் மேடு பள்ளம் பெரும்பாலும் ஸ்பீக்கருடையது, அதைத் திருத்தலாம். இடத்துக்கு இடம் நகர்வது மண்டபத்துடையது, அதில் கை வைக்கக் கூடாது.

இதற்கு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் அளவீட்டு மைக் நான்கு, அவற்றுக்கு 48 வோல்ட் கொடுத்துக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். நான்கு யு.எஸ்.பி. மைக்குகள் உதவாது; ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவதால் நேர ஒப்பீடு நழுவிவிடும். இன்டர்ஃபேஸின் ஒரு அவுட்புட்டை ஐந்தாவது இன்புட்டுக்கே திருப்பிக் கொடுங்கள். சிக்னல் எப்போது கிளம்பியது என்பதற்கு அதுதான் சாட்சி. தொடங்கும் முன் நான்கு மைக்கின் நுனியையும் 2 செ.மீ.க்குள் சேர்த்து வைத்து ஒருமுறை அளந்து, அளவு வேறுபாட்டைச் சரிக்கட்டுங்கள்.

பிறகு முன், நடு, பின், ஓரம் என்று பிரித்து வையுங்கள். தூணுக்கும் சுவருக்கும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். எல்லாவற்றையும் நடுக்கோட்டில் வரிசையாக நடுவது வீண். இடது, வலது ஸ்பீக்கர்களின் ஒலி அங்கே மட்டும்தான் ஒரே நேரத்தில் வந்து சேரும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை விடாமல் ஏறும் சோதனை ஒலியான ஸ்வீப்பைப் பத்து விநாடிக்குக் குறையாமல் ஓடவிடுங்கள். இத்தாலிய ஒலியியல் ஆய்வாளர் ஆஞ்சலோ ஃபரீனா 2000-இல் விளக்கிய இந்த முறையில் ஸ்பீக்கரின் சிதைவு தனியே பிரிந்து விழும். ஆனால் மின்விசிறி சுழன்றால் காற்றோட்டம் அளவைக் குலைக்கும். நடுவில் யாராவது நாற்காலியைக் கீழே போட்டால் அந்தச் சத்தம் முடிவில் நீண்ட கீற்றாக ஒட்டிக்கொள்ளும். அழித்துவிட்டு மறுபடி அளப்பதே வழி. சராசரி எடுக்கும்போது ஒலி அளவை மட்டும் எடுங்கள். ஃபேஸையும், அதாவது அலை ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும், சேர்த்தால் இல்லாத பள்ளங்கள் முளைக்கும்.

அடுத்து தாழ்ந்த ஒலிகளுக்கான சப் வூஃபரையும் மற்ற ஒலிகளுக்காக மேலே உள்ள டாப் ஸ்பீக்கரையும் ஒத்திசைப்பது. இரண்டும் சந்திப்பது 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலைக்கு 10 மில்லிவிநாடி. 5 மில்லிவிநாடி பிசகினால் ஒன்றை ஒன்று அழிக்கும். தனித்தனியாக அளந்து, முந்தி வருவதற்கு டிலே கொடுத்துத் தாமதப்படுத்துங்கள். ஒரு இருக்கையில் துல்லியமாகப் பொருத்த முயல வேண்டாம்: நான்கு மைக்கிலும் வேறுபாடு 2.5 மில்லிவிநாடிக்குள் இருந்தால் எங்கும் இழப்பு 3 டெசிபலைத் தாண்டாது. ஒரு பொறியும் உண்டு. ஒரு ஸ்பீக்கரின் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ், தலைகீழாக இருந்து டிலேயும் 5 மில்லிவிநாடி தவறினால், 100 ஹெர்ட்ஸில் மட்டும் எல்லாம் சரியாகத் தோன்றும். 70 முதல் 140 ஹெர்ட்ஸ் வரை இரண்டு ஃபேஸ் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா என்று பாருங்கள்.

மேடை ஸ்பீக்கரிலிருந்து 18 மீட்டர் தள்ளி, மண்டபத்தின் நடுவில் துணை ஸ்பீக்கர் இருந்தால் வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். ஓசூரில் மார்கழி விடியலின் 15 டிகிரியில் ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 52.9 மில்லிவிநாடி, தருமபுரியில் சித்திரை மதியத்தின் 38 டிகிரியில் 50.8. அதோடு சுமார் 10 மில்லிவிநாடி கூட்டித் துணை ஸ்பீக்கருக்கு டிலேயாக வைத்தால், ஒலி மேடையிலிருந்து வருவதாகவே காது எடுத்துக்கொள்ளும். முந்தி வரும் ஒலியின் திசையைத்தான் காது நம்புகிறது என்பதை 1949-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து எழுதினார்.

கூட்டம் வந்ததும் கணக்கு மாறும். மண்டபத்தின் கன அளவையும் ஒலி தணியும் நேரத்தையும் இணைக்கும் சபைன் சூத்திரப்படி, நம் காலி மண்டபத்தின் உறிஞ்சல், ஒலியை முழுதாக விழுங்கும் 145 சதுர மீட்டர் பரப்புக்குச் சமம். ஒருவர் சுமார் அரை சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார். 300 பேர் உட்கார்ந்தால் 3 விநாடி ஒன்றரை விநாடியாகிவிடும். டிலேக்களை அப்படியே விடலாம். காலி மண்டபத்துக்காகக் குறைத்து வைத்த நடு அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மிக்சர் பக்கத்தில் ஒரு மைக்கை விட்டுவையுங்கள். பாட்டு ஓடும்போதே மிக்சரின் அவுட்புட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.