"மூணு வருஷம் தண்ணியிலதான் இருந்தேன் அண்ணே, அது போதாதா?"

போன வாரமும் ஒரு தம்பி வந்தான். மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், பாகான் டாலாம் பையன், பாலிடெக்னிக்கில் மின்சார டிப்ளோமா முடித்தவன். மூன்று வருடமாகத் துறைமுக இழுவைப் படகில் எலக்ட்ரீஷியன். பயிற்சிப் பதிவேட்டை மேசையில் வைத்து, "கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க அண்ணே, ஈ.டி.ஓ. பரீட்சைக்கு அனுப்பணும்" என்றான். ஈ.டி.ஓ. என்றால் கப்பல் மின்தொழில்நுட்ப அதிகாரி.

புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே நீல மை. ஜெனரேட்டர்களை ஒத்திசைத்து இணைத்ததாக ஒரே தேதியில் நான்கு பதிவு. மோட்டாருக்கு மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்ததற்கு எதிரே "ஓகே" என்று எழுதியிருந்தது. மெக்கர் என்றைக்கு ஓகே சொன்னது? அது மெகா ஓம் கணக்கில் எண்தான் காட்டும். நிஜமாகவே மெக்கர் பிடித்தவன் அந்த எண்ணை எழுதாமல் விடமாட்டான். அதோடு, அவன் வேலை செய்த படகில் நான் கால் வைத்ததே இல்லை. என்னிடம் எதற்குக் கையெழுத்து?

இவன் ஒருவன்தான் என்றால் பேசி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். பிறையிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் இதே கதையோடு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஈ.டி.ஓ. பதவிக்கென்று, கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற உலக உடன்படிக்கையில் தனி விதி சேர்ந்தது 2010 மணிலா திருத்தத்தில்தான். 2012 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. வழி இரண்டு. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் பட்டறையும் கடல் சேவையும் சேர்த்து 12 மாதம், அதில் 6 மாதமாவது கடலில், அத்தனையும் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். திட்டத்தில் சேராதவனுக்கு 36 மாதம், அதில் 30 மாதம் கப்பலின் இயந்திரப் பிரிவில். இரண்டு வழியிலும் படிப்பும் திறன் தேர்வும் ஒன்றுதான், அதில் சலுகை கிடையாது.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். தண்ணீரில் மிதந்த நாளெல்லாம் கடல் சேவை என்று நினைக்கிறார்கள். இல்லை, தம்பி! உள்நாட்டு நீரிலும், ஒதுக்கமான நீர்ப்பகுதியிலும், துறைமுக விதி செல்லும் எல்லைக்குள்ளும் மட்டுமே ஓடும் கலத்தை அந்த உடன்படிக்கை கடலோடும் கப்பலாகவே பார்ப்பதில்லை. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியில் பத்து வருடம் வேலை பார்த்தாலும் நல்ல அனுபவம், நல்ல சம்பளம், சரி. அதை வைத்து 30 மாதக் கணக்கைத் தொடங்க முடியாது. சந்தேகம் இருந்தால் கப்பலின் பெயரை எழுதி ஜாபாத்தான் லாவுட்டிலேயே, அதாவது மலேசியக் கடல்துறை அலுவலகத்திலேயே கேளுங்கள். காப்பிக்கடையில் கேட்காதீர்கள், ஏஜெண்டிடமும் கேட்காதீர்கள்.

"என்கிட்ட சார்ஜ்மேன் சான்றிதழ் இருக்கு" என்பது அடுத்தது. அது கரையில் மின்சார வேலை பார்ப்பதற்கான தகுதிச் சான்றிதழ். கரையில் ஒரு ஃபேஸ் கசிந்து எர்த்துக்குப் போனால் சப்ளை விழுந்துவிடும். 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஓடும் பெரும்பாலான கப்பல்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. முதல் கசிவில் எதுவும் நிற்காது, சுக்கான் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நடுக்கடலில் அது நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அமைப்பு. கசிவைக் காட்ட ஸ்விட்ச்போர்டில் இருக்கும் மூன்று விளக்கில் ஒன்று மங்கி, மற்ற இரண்டும் பளிச்சென்று எரியும். அதைப் பார்த்துவிட்டு "பல்ப் போச்சு, மாத்தணும்" என்று சொன்ன சார்ஜ்மேனை எனக்குத் தெரியும்.

அப்புறம், கப்பலில் இருந்துகொண்டே இணையம் வழியாகப் பட்டப்படிப்பு. படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதி சொல்லும் ஓய்வு 24 மணி நேரத்தில் 10 மணி, 7 நாளில் 77 மணி. அது தூங்குவதற்கு. இரவு இரண்டு மணி வரை அசைன்மெண்ட் எழுதிவிட்டு, ஓய்வுத் தாளில் "தூங்கினேன்" என்று குறித்துவிட்டு, காலையில் 6.6 கிலோவோல்ட் பிரேக்கரை மின்சாரத்திலிருந்து துண்டித்துத் தனிமைப்படுத்தப் போகிறார்கள். எர்த் செய்வதற்கு முன் மின்சாரம் செத்துவிட்டதா என்று சோதிக்கும் படியைத்தான் தூக்கக் கண் தவறவிடும். தயவுசெய்து வேண்டாம். பாடத்தை விடுமுறையில் படியுங்கள். தேர்வுத் தேதியை ஒப்பந்தத்துக்கு வெளியே வையுங்கள்.

சான்றிதழ் வாங்கிவிட்டுப் படிப்புக்காகக் கரையில் தங்குபவர்களும் கணக்குப் பாருங்கள். புதுப்பிக்கப் போகும்போது கடைசி 5 வருடத்தில் 12 மாதமோ, கடைசி 6 மாதத்தில் 3 மாதமோ கடல் சேவை கேட்பார்கள். நான்கு வருடப் பட்டத்துக்கு உட்கார்ந்தால் மீதி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

இந்த வேலைக்கு நிறப்பார்வை சோதனை உண்டு. கட்டணம் கட்டும் முன் அதைச் செய்துகொள்ளுங்கள், கட்டிய பிறகல்ல. பெற்றோரின் இ.பி.எஃப். (சேமநிதி) பணத்தைக் கட்டிவிட்டு சிவப்பும் பச்சையும் பிரியவில்லை என்று தெரிந்துகொண்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கம்பெனியிடம் கேளுங்கள். எந்தத் திட்டத்தின் கீழ் என்னை ஏற்றுகிறீர்கள்? பதிவேடு யார் தருவார்? கப்பலில் அதில் யார் கையெழுத்திடுவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "ஏறின பிறகு பாத்துக்கலாம்" என்றால் ஏறாதீர்கள். ஏறியபின் வேலை செய்த அன்றே எழுதி, கூட நின்ற அதிகாரியிடம் அந்த வாரத்துக்குள் கையெழுத்து வாங்குங்கள். அவர் இறங்கிப் போய்விட்டால் மணிலாவிலோ ஒடெசாவிலோ தேட வேண்டியிருக்கும்.