சேடம் இழுக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

துக்கம் விசாரிக்கப் போகும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் புலம்பல்கள் இரண்டு. "கடைசி நாலு நாளா ஒரு வாய் கஞ்சி இறங்கலையே, பட்டினியாப் போயிட்டாரே" என்பது ஒன்று. "மூச்சுக்குத் தவிச்ச தவிப்பைக் கண்கொண்டு பார்க்க முடியலை" என்பது இன்னொன்று. காரியமெல்லாம் முடிந்த பிறகும் இந்த இரண்டும் வருடக்கணக்கில் மனதை அறுக்கும். உடல் எப்படி ஓய்கிறது என்பதை யாராவது முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி வேதனையாவது குறைந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சாப்பாடு. சாப்பிட மறுக்கிற எல்லோரும் சாகப்போகிறவர்கள் இல்லை. வாய்ப்புண், மலச்சிக்கல், மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. ஆனால் முற்றிய புற்றுநோயிலோ முதுமையின் கடைசிக் கட்டத்திலோ இருப்பவர் இனி தேறமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், நிலைமை வேறு. குடலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, செரிமானம் மெல்ல நிற்கிறது. உடல் தன் கொழுப்பைக் கரைக்கும்போது கீட்டோன்கள் என்ற வேதிப்பொருட்கள் உருவாகின்றன; அவை பசி உணர்வையே மழுங்கடிக்கும். உணவு நின்றதால் உடல் ஓயவில்லை, உடல் ஓயத் தொடங்கியதால்தான் உணவு நிற்கிறது. அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஊட்டினால் வாந்தியும் வயிற்று உப்புசமும்தான் மிச்சம்.

"ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க" என்று கேட்காத குடும்பம் குறைவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகள் 129 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்குத் தினம் ஒரு லிட்டர் உப்புநீர், மற்றவர்களுக்குப் பெயரளவுக்கு 100 மில்லி. 2013இல் வெளிவந்த முடிவின்படி, ஒரு லிட்டர் ஏற்றியதால் அவதி குறையவும் இல்லை, ஆயுள் கூடவும் இல்லை. கடைசிக் கட்டத்தில் இருப்பவரை வாட்டுவது பெரும்பாலும் வாய் வறட்சிதான். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதடு, ஈறு, நாக்கு எல்லாவற்றையும் மென்மையாகத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவலாம். மணிக்கொரு முறை இதைச் செய்தால், ஒரு பாட்டில் டிரிப்ஸ் தராத ஆறுதல் கிடைக்கும்.

அப்புறம் மூச்சு. சில மூச்சு ஆழமாக, பிறகு மேலோட்டமாக, பிறகு அரை நிமிடம் வரை ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று வீடே அழத் தொடங்கும்போது மறுபடி மூச்சு வரும். டப்ளின் மருத்துவர்கள் ஜான் செய்ன் 1818லும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854லும் இந்த மூச்சைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பெயரில்தான் இது இன்றும் வழங்குகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் மூளைத்தண்டு மூச்சை ஏற்றி இறக்குகிறது. இதயம் தளர்ந்தால் அந்தத் தகவல் தாமதமாக வந்து சேரும். ஹீட்டர் தூரத்தில் இருக்கும் குளியலறையில் குழாயை அதிகம் திருப்பிவிட்டு, கொதிநீர் வந்ததும் சட்டென மூடுகிறோமே, அதே கதை. மூளை தேவைக்கு மேல் மூச்சிழுக்க வைக்கும், வாயு அளவுக்கு மீறிக் குறையும், உடனே மூச்சையே நிறுத்தும். அப்போது பெரும்பாலும் அவர் நினைவிழந்திருப்பார். பார்க்கிறவருக்கு இருக்கும் தவிப்பு அவருக்கு இருப்பதில்லை.

சேடம் இழுப்பதும் அப்படித்தான். நமக்குத் தொண்டையில் ஊறும் எச்சிலையும் சளியையும் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். விழுங்கும் அனிச்சைச் செயல் நின்றதும் அது அங்கேயே தேங்கும். காற்று அதன் வழியாகப் போய்வரும்போது களகளவென்று சத்தம் கேட்கும். தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் உறுத்தலைத்தான் கூட்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்தினாலே சத்தம் குறையும். உறவுகள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றும் வழக்கத்தில் எனக்குக் கவலை இதனால்தான்: விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். பாலில் விரல் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் சடங்கும் நிறைவேறும், அவருக்கும் துன்பமில்லை.

உண்மையிலேயே மூச்சுத் திணறலும் வலியும் இருந்தால் மார்ஃபின் இருக்கிறது. அளவோடு கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது; மூச்சுக்கு ஏங்கும் உணர்வை மூளையில் தணிக்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் இந்தியாவில் அது கிடைப்பதே அரிதானது. 2014 திருத்தத்துக்குப் பிறகு வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலித்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வலி முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

கண் திறக்காதவரிடம் பேசிப் பயனுண்டா? கனடாவின் வான்கூவரில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் இருந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வு 2020இல் வந்தது. அசைவே இல்லாமல் இருந்த சிலரின் மூளை, ஒலி மாறும்போது ஆரோக்கியமான இளைஞர்களின் மூளையைப் போலவே அதைக் கவனித்தது. பேச்சின் பொருள் புரிந்தது என்பதற்கு அது சான்றில்லை. ஆனால் குரல் போய்ச் சேர இடமிருக்கிறது. பேசுங்கள். பங்குச் சண்டையைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளாதீர்கள்.

இறந்த பின் கவனம் இருப்பவர்கள் மேல் திரும்ப வேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்த ஏறக்குறைய 2,000 பேரை விசாரித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு என்று அது கணித்தது. பிறகு நாளுக்கு நாள் குறைகிறது. அட்ரினலின் பொங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது, தூக்கமும் இல்லை. சாவு வீட்டுக் கூட்டத்தில் அம்மாவின் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் யாரும் நினைப்பதில்லை. அந்த ஒரு வேலையைப் பேரனோ மருமகளோ பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். காபியோடு நிறுத்தாமல் நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை கொடுக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீடு காலியாகும். பலருக்குத் துக்கத்தின் கனம் அதற்குப் பிறகுதான் தெரியும், அதனால் போன் செய்வதையும் வந்து போவதையும் அப்போதுதான் கூட்ட வேண்டும். அலை அலையாக அழுகை வந்து போவது இயல்பு. ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலை எதுவும் ஓடாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. பேச்சுவழிச் சிகிச்சைக்கு அது கட்டுப்படும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.