சோதனை வழக்கா, சோதனை நேர்வா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நடக்கும் கணினி நிரலாக்க வகுப்பின் கையேட்டில், பக்கத்துக்குப் பக்கம் 'சோதனை வழக்கு' என்று அச்சாகியிருக்கிறது. 'டெஸ்ட் கேஸ்' என்பதற்குத் தமிழாம். "யார் மேல் வழக்கு, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

இன்ன உள்ளீடு கொடுத்தால் இன்ன விடை வரவேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்து நிரலை ஓட்டிப் பார்ப்பதுதான் டெஸ்ட் கேஸ். செம்பனைக் குலைகளின் எடைக்குப் பணம் கணக்கிடும் நிரல் என்றால், எடை 20 கிலோ, எடை 0, தவறுதலாகக் கழித்தல் குறியோடு பதிவான எடை என ஒவ்வொன்றும் தனித்தனிச் சோதனை. 'கேஸ்' லத்தீனின் 'காசுஸ்' என்பதிலிருந்து வந்தது. விழுதல், நேர்தல் என்று பொருள். நேர்தலிலிருந்து நமக்கு 'நேர்வு' இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்பது அன்றாடச் சொல்.

'வழக்கு' வழங்குதலிலிருந்து பிறந்தது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்னும்போது மக்களிடையே நிலைத்த பழக்கத்தையே குறிக்கிறோம். நல்ல சோதனையோ பழக்கத்துக்கு மாறானதைத்தான் தேடிப் போகிறது. கழித்தல் குறி போட்ட எடை எந்த ஊர் வழக்கம்? நீதிமன்றப் பொருளை எடுத்தாலும் இரு தரப்பும் ஒரு பிணக்கும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. மலாய்க்காரர்கள் 'கெஸ் ஊஜியான்' என்கிறார்களே என்பார்கள். அவர்கள் ஆங்கிலச் சொல்லை அதன் எல்லாப் பொருளோடும் கடன் வாங்கினார்கள். நாமோ ஒரு பொருளுக்கான தமிழ்ச் சொல்லை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்டுகிறோம். அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு தேடலை நிறுத்திக்கொள்வது மொழிபெயர்ப்பு ஆகாது.

சோதனை தேர்ச்சி, தோல்வி என்று முடிவதால் அதுவும் தீர்ப்புதானே என்ற வாதம்தான் எனக்குக் கவலை தருகிறது. இப்போது சோதனைகளை இயந்திரக் கற்றலே எழுதித் தருகிறது. மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இன்ஸ்டகிராமின் ரீல்ஸ், ஸ்டோரிஸ் பகுதிகளுக்குப் பெரிய மொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய இயந்திரம், எழுதிய சோதனைகளில் 75 விழுக்காடு பிழையின்றி ஓட்டக்கூடிய நிரலாகத் தொகுக்கப்பட்டன. 57 விழுக்காடு நம்பகமாகத் தேறின. 25 விழுக்காடுதான் அதுவரை சோதிக்கப்படாத வரிகளை எட்டின. தேறுவதும் பயன்படுவதும் ஒன்றல்ல. நிரலைப் பார்த்து எழுதும் இயந்திரம், நிரல் தரும் விடையையே சரியான விடையாக எழுதிவிடக்கூடும். கழித்தல் எடைக்கு நம் நிரல் கழித்தல் பணம் காட்டினால், அதையே எதிர்பார்ப்பாகக் குறித்துச் சோதனையைத் தேற்றிவிடும். எது சரி என்பதை எடை போடுபவரும் கணக்கு எழுதுபவரும்தான் சொல்லவேண்டும். 'வழக்கு' என்று பழகிய மாணவருக்குத் தீர்ப்பு வந்தாயிற்று என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. 'நேர்வு' அப்படி எதையும் ஏற்றிச் சொல்லாது. இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கும்.

அதே கையேட்டில் 'கவரேஜ்' என்பது 'காப்பீடு' ஆகியிருக்கிறது. காப்பீடு என்றால் இன்சூரன்ஸ். இங்கே காப்புறுதி என்போம். நிரலின் எத்தனை வரிகளைச் சோதனை தொட்டது என்பதற்கு 'சோதனைப் பரப்பு' போதும். மறுபதிப்பில் இரண்டையும் சேர்த்தே திருத்தட்டும்.