மெயில் மாறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் ஸோஹோ என்கிற சாஃப்ட்வேர் கம்பெனியின் சேவைக்குப் போய்விட்டது என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தாலும் வந்தது, பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் நான் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகிற இடமெல்லாம் இதே கேள்விதான். "நம்ம தென்காசிக் கம்பெனிலா, நாமளும் மாறிருவமா?" என்கிறார்கள் அண்ணாச்சிமார். (தலைமையகம் சென்னைப் பக்கம், தென்காசி பக்கத்து மத்தளம்பாறையிலும் ஆபீஸ் இருக்கிறது. அது போகட்டும்.)

மாறலாம். ஆனால் ஆள் ஒன்றுக்கு மாதச் சந்தாவில் எவ்வளவு மிச்சம் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு உடனே தேதி குறிக்கிறார்களே, அங்கேதான் கணக்கு தப்புகிறது.

கம்பெனி பெயரில் சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பெயர்) இருந்தால், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் போதும், புது மெயில் புது இடத்துக்கு வந்துவிடும், கஸ்டமருக்கு எதுவும் தெரியாது. இலவச ஜிமெயிலிலேயே தொழில் ஓட்டுகிறவருக்கு முகவரியே மாறுகிறது. பேங்க், ஜிஎஸ்டி, வருமான வரி என்று ஓடிபியும் நோட்டீஸும் பழைய ஐடிக்கே போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகத் தேடிப் போய் மாற்ற வேண்டும். அப்படியும் இவர்களைத்தான் நான் மாறச் சொல்வேன். சேல்ஸ் பார்த்த பையன் வேலையை விட்டுப் போகும்போது கஸ்டமர் மெயிலும் அவனோடு போய்விடுகிறது, சொந்த டொமைன் என்றால் பாஸ்வேர்டை நாம் மாற்றிவிடலாம். ஏற்கெனவே காசு கட்டி ஒழுங்காக ஓடுகிற மெயிலை, ஐந்தாறு பேர் இருக்கிற ஆபீசில், கொஞ்சம் சந்தா மிச்சத்துக்காக மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரிய செலவு பழைய மெயிலில் இருக்கிறது. ஒரு அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளையின் அவுட்லுக்கைத் திறந்தால், மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்கிற பாப் முறையில் செட் பண்ணி, சர்வரில் காப்பி வைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பில், பர்ச்சேஸ் ஆர்டர், லாரி வாடகைத் தகராறு என்று வருஷக்கணக்கான மெயில் மொத்தமும் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில், 38 ஜிபிக்கு ஒரே பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கிற ஃபைல்). வழக்கமான செட்டிங்கில் 50 ஜிபிக்கு மேல் அவுட்லுக் அதை வளர விடாது. புதுக் கம்பெனிக்காரர் மைக்ரேஷன், அதாவது பழைய மெயிலைக் கொண்டுவந்து தருவது, இலவசம் என்று சொல்வது பெரும்பாலும் சர்வரிலிருந்து சர்வருக்கு மாற்றுவதைத்தான், சர்வரிலேயே இல்லாததை எப்படி இழுப்பார்? முதலில் தனி டிஸ்கில் ஒரு காப்பி, அப்புறம் ஆபீஸ் பிராட்பேண்டில் விடிய விடிய அப்லோடு, நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் உட்கார வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கூலி உண்டு.

அடுத்தது யாருமே யோசிக்காத மெஷின்கள். ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்புகிற ஜெராக்ஸ் மெஷின், டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து போகிற இன்வாய்ஸ், வெப்சைட்டில் இருக்கிற விசாரணைப் படிவம், இவை எல்லாவற்றிலும் பழைய சர்வர் விவரமே பதிந்திருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து, எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்கிற பட்டியல்) அல்லது டிகிம் (மெயிலோடு போகிற டிஜிட்டல் கையெழுத்து) இல்லாமல் வருகிற மெயிலை ஜிமெயில் ஸ்பாமில் தள்ளலாம், ஏற்காமலும் விடலாம். எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை அழிக்காமல் புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது, கஸ்டமர் "பில்லே வரலியே" என்பார்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாதா மாதம் ஜிஎஸ்டி படிவங்கள் தாக்கல் செய்கிறவர்கள் ஜிஎஸ்டிஆர்-1க்கான 11ஆம் தேதி, 3பிக்கான 20ஆம் தேதி பக்கம் போகவே வேண்டாம், மார்ச் மாதமும் வேண்டாம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்களே, அந்த மாதிரி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிற நாள்தான் தோது.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று அதற்கும் முன்னால் பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே வாங்கி வைத்துக்கொண்டு லாகின் கேட்டால் போனை எடுக்காத கதை இங்கே நிறைய. அது கைக்கு வந்தபிறகு மற்றதைப் பேசலாம். மாறிய பிறகும் பழைய சந்தாவை இரண்டு மாதமாவது சேர்த்துக் கட்டுங்கள், அந்தப் பணத்தையும் இப்போதே செலவுப் பக்கம் எழுதிவிடுங்கள்.