சம்பளக் கணக்கு பின்னோக்கி நடக்கும்போது

கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் சம்பளப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு ஜூலை மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. நாளுக்கு 60 ரூபாய் உயர்வு, ஏப்ரல் 1 முதல். மூன்று மாத அரியர்ஸை, அதாவது நிலுவைத் தொகையை, ஜூலைச் சம்பளத்தோடு சேர்த்துப் போட வேண்டும். அப்போது எங்களிடம் இருந்த மென்பொருளில் அதற்கு வழி இல்லை. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 60 ரூபாய், மூன்று மாதம். எக்செலில் பெருக்கி, ஆளுக்கு 4,680 ரூபாய் என்று எல்லோருக்கும் ஒரே தொகையைப் போட்டுவிட்டோம்.

மறுநாள் காலை ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு அக்கா அலுவலக ஜன்னலுக்கு வந்தார். கையில் மாதக் காலண்டரிலிருந்து கிழித்த மே மாதத் தாள். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்த நாட்களின் கட்டத்துக்குள் மணிக்கணக்கைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

"மே மாசம் இருபத்து நாலு மணி நேரம் ஓ.டி. பார்த்திருக்கேன் தம்பி. அதுக்கும் கூலி ஏறணும்ல?"

ஏறத்தான் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 60 என்றால் மணிக்கு ஏழரை ரூபாய். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்பு, அதாவது மணிக்கு 15 ரூபாய். 24 மணி நேரத்துக்கு 360. ஜூனில் அவர் மூன்று நாள் வரவில்லை, அதற்கு 180 கழியும். ஆக, அவருக்கு வர வேண்டியது 4,860 ரூபாய். நாங்கள் போட்டது 180 ரூபாய் குறைவு. அவருடைய காலண்டர் தாளில் இருந்த ஒன்று எங்கள் மென்பொருளில் இல்லை.

அது என்ன என்று புரிந்துகொண்டால், ஊழியர் விவரத்தையும் சம்பளத்தையும் பார்க்கும் ஹெச்.ஆர். மென்பொருள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும்.

பெரும்பாலான வணிக மென்பொருள்களின் அடியில் இருப்பவை அட்டவணைகள். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணித அறிஞர் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த முறை இது. ஒவ்வொரு விவரமும் ஒரே இடத்தில் ஒரு வரியாக இருக்கும், மற்ற அட்டவணைகள் ஒரு எண்ணை வைத்து அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். தொழிலாளி ஒரு வரி, அவர் துறை ஒரு வரி, அவர் கூலி ஒரு வரி. எளிமையாகச் செய்பவர்கள் 'கூலி' என்று ஒரு கட்டம் வைப்பார்கள். உயர்வு வந்தால் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுவார்கள். அந்த நொடியில் பழைய கூலி மறைந்துபோகும். மே மாதம் இவருக்கு என்ன கூலி என்று கேட்டால் இன்றைய எண்ணைத்தான் அந்த அட்டவணை காட்டும்.

பட்டாவுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான் இது. நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பட்டா சொல்லும். எந்தத் தேதியில் யார் விற்றார், யார் வாங்கினார், எப்போது அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்று வில்லங்கம் வரிசையாகக் காட்டும். நிலம் வாங்கப் போகிறவர் யாரும் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை. எங்கள் மென்பொருளில் இருந்தது பட்டா மட்டும்தான்.

நல்ல ஹெச்.ஆர். மென்பொருள் எதையும் அழிக்காது. ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய வரியாகச் சேர்த்து, 'எந்தத் தேதியிலிருந்து செல்லும்' என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளும். 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீப்பிள்சாஃப்ட் மென்பொருளின் முதுகெலும்பே இந்தத் தேதிதான். ஆனால் ஒரு தேதி மட்டும் போதாது. பத்திரப் பதிவையே மறுபடி பாருங்கள். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாள் ஒன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நாள் இன்னொன்று. பதிவு செய்ய நான்கு மாதம் அவகாசம் உண்டு. பதிவானதும் பத்திரம் எழுதிய நாளிலிருந்தே அது செல்லும். எங்கள் ஒப்பந்தமும் அப்படித்தான். உயர்வு செல்லுபடியாகும் நாள் ஏப்ரல் 1, அது கணினிக்குத் தெரியவந்த நாள் ஜூலையில் ஏதோ ஒரு நாள். இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால்தான் 'மே மாதம் இவருக்கு உண்மையில் என்ன கூலி?' என்பதற்கும், 'மே மாதச் சம்பளம் போட்ட அன்று நமக்கு என்ன தெரிந்திருந்தது?' என்பதற்கும் வேறு வேறு பதில் சொல்ல முடியும். தொழிலாளிக்கு முதல் பதில் வேண்டும், தணிக்கையாளருக்கு இரண்டாவது வேண்டும். 2011-ல், இந்த அட்டவணைகளைக் கையாளும் எஸ்.க்யூ.எல். மொழியின் சர்வதேசத் தரத்திலேயே இந்த இரண்டு காலங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தேதிகள் இருந்தால் அரியர்ஸ் எப்படி வருகிறது? ஏப்ரல் 1 என்ற தேதியோடு ஜூலையில் ஒரு வரி விழுந்ததும், மூடிவிட்ட ஏப்ரல், மே, ஜூன் மாதங்களை மென்பொருள் குறித்து வைத்துக்கொள்ளும். சம்பளம் ஓட்டும்போது அந்த மாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்த மாத வருகை, ஓ.டி., விடுப்பு எல்லாவற்றையும் வைத்து, புதிய கூலியில் மறுபடி கணக்குப் போடும். ஏற்கெனவே கொடுத்ததைக் கழிக்கும். மிச்சத்தை ஜூலைச் சம்பளச் சீட்டில் மாதவாரியாகக் காட்டும். பழைய சீட்டுகளைத் தொடாது. ஏப்ரல் மாதத்துக்கு பி.எஃப். கட்டி முடித்தாயிற்று, அந்தக் கணக்கைப் பின்னால் போய்த் திருத்தினால் கட்டிய பணத்துக்கும் ஏட்டுக்கும் ஒட்டாது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆட்களின் விவரத்துக்கு மட்டுமல்ல, விதிகளுக்கும் தேதி வேண்டும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு இன்று 0.75 சதவீதம். 2019 ஜூன் வரை அது 1.75 சதவீதம். பழைய வழக்கு ஒன்று முடிந்து 2019 மே மாதச் சம்பளத்தை மறுபடி போட வேண்டி வந்தால், மென்பொருள் 1.75-ஐத்தான் எடுக்க வேண்டும். சதவீதத்தை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஈ.எஸ்.ஐ.யிலேயே இன்னும் அழகான ஒரு விதி இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் தாண்டிய மாதமே நிறுத்திவிடக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு காலம். மே மாதம் ஒருவருக்கு 22,500 ரூபாய் ஆகிவிட்டால், செப்டம்பர் வரைக்கும் 22,500-க்குப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 0.75 சதவீதம் என்றால் 168 ரூபாய் 75 பைசா, அதை மேலே முழுதாக்கி 169. அக்டோபரில்தான் நிற்கும். இந்த மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்தக் காலம் தொடங்கியபோது அவர் உள்ளே இருந்தாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஆலைகளில் தேதியே ஒரு சிக்கல். ஃபுல் நைட் ஷிஃப்டுக்கு வருகிறவர் 31-ஆம் தேதி இரவு உள்ளே விரலை வைக்கிறார், 1-ஆம் தேதி காலை வெளியே வைக்கிறார். விரல்ரேகைக் கருவிக்கு அது இரண்டு நாள், இரண்டு மாதம். ஆலைக்கு அது 31-ஆம் தேதி ஷிஃப்ட். இதைச் சரியாகப் பிடிக்காத மென்பொருளில் அவருக்கு 31-ஆம் தேதி 'வெளியே போகவில்லை' என்றும் 1-ஆம் தேதி 'உள்ளே வரவில்லை' என்றும் விழும், இரண்டு நாள் கூலியும் சந்தேகக் கணக்கில் போய் நிற்கும். அலுவலக வேலைக்கென்று எழுதிய மென்பொருளை ஆலைக்கு வாங்குகிறவர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான்.

பின்னோக்கிய கணக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த பெரிய சாட்சி கனடா. அந்நாட்டு அரசு தன் ஊழியர் சுமார் 2,90,000 பேருக்குச் சம்பளம் போட 'ஃபீனிக்ஸ்' என்ற அமைப்பை 2016-ல் கொண்டுவந்தது. அடியில் இருந்தது பீப்பிள்சாஃப்ட், நான் மேலே சொன்ன, தேதி போடத் தெரிந்த அதே மென்பொருள். அரசு ஊழியர் சம்பளத்துக்கு 80,000-க்கும் மேற்பட்ட விதிகள் இருந்தன. திட்டமிட்ட 984 செயல்பாடுகளில் சுமார் 100-ஐ, பணமும் நேரமும் போதவில்லை என்று அதிகாரிகள் நீக்கினார்கள். நீக்கியவற்றில் ஒன்று, முன் தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடும் வசதி. ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதாக இருந்த சோதனையையும் ரத்து செய்தார்கள். துறைகளில் இருந்த சம்பள ஆலோசகர் பணியிடங்கள் 1,200-ஐ ஒழித்து, மிராமிச்சி என்ற சிறு நகரத்தில் அதில் பாதிக்கும் குறைவானவர்களை வைத்து ஒரே மையம் அமைத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு.

நடந்தது வேறு. ஊழியர்களில் பாதிப் பேருக்கும் மேல் சம்பளம் தவறாக வந்தது. சிலருக்கு வரவே இல்லை, சிலருக்கு அதிகமாக வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள். மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர், தற்காலிகமாக மேல் பதவி பார்த்தவர் போன்றோரின் காகிதங்களெல்லாம் தாமதமாகத்தான் வந்து சேரும், அதாவது பின்னோக்கித்தான் கணக்குப் போட வேண்டியிருக்கும். 2018-ல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையைப் படித்தபோது என் மனதுக்கு வந்தது அந்த மே மாதத் தாள்தான். அங்கும் இங்கும் விட்டுப்போனது ஒன்றே.

டெமோ காட்ட வருகிறவர்கள் எப்போதும் முன்னோக்கித்தான் காட்டுவார்கள். புது ஆளைச் சேர்ப்பார்கள், விடுப்பு எடுக்கச் சொல்வார்கள், ஒரு பொத்தானை அமுக்கிச் சம்பளம் ஓட்டுவார்கள், வண்ண வண்ணமாக வரைபடம் வரும். அதெல்லாம் இன்று எல்லா மென்பொருளிலும் உண்டு. நீங்கள் அதை நிறுத்திவிட்டு, மூடிவிட்ட ஒரு மாதத்துக்குள் போகச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்பு ஓ.டி. பார்த்த ஒருவருக்கு அந்த மாதத்திலிருந்து கூலியை ஏற்றச் சொல்லுங்கள். சீட்டில் வித்தியாசம் மாதவாரியாகப் பிரிந்து வருகிறதா, அல்லது 'அரியர்ஸ்' என்று ஒரு காலிக் கட்டம் மட்டும் வருகிறதா? காலிக் கட்டம் என்றால் தொகையை நீங்கள்தான் எக்செலில் போட்டு எழுத வேண்டும்.

அப்புறம், உங்கள் ஊர் விதியைக் கொடுத்துப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் தொழில் வரி பலருக்கு மாதாமாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சி அமைப்புக்குக் கட்ட வேண்டும். மாதக் கணக்கை மட்டும் நினைத்து எழுதிய மென்பொருள் இங்கே திணறும். பெயரையும் விடாதீர்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று நிற்கும் திரையில் எங்கள் எழுத்தர்கள் ஒருவர் இனிஷியலையும், ஒருவர் அப்பா பெயரையும், ஒருவர் புள்ளியையும் போட்டார்கள். வேலையை விட்டுப் போகும்போது பி.எஃப். பணம் கேட்டவர்களுக்கு ஆதாரில் ஒரு பெயர், நிறுவன ஏட்டில் ஒரு பெயர். அந்தத் திருத்தத்துக்காக நடையாய் நடந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாம் ஒரே மென்பொருளில் இருப்பது நல்லதா என்று கேட்பார்கள். அரியர்ஸ் விழுந்த நொடியில் நூல் விலையின் கூலிச் செலவிலும் அது போய்ச் சேரும் என்பதால் நல்லதுதான். ஆனால் உங்கள் வழக்கத்துக்காக மென்பொருளின் அடிப்படையையே வளைக்கச் சொன்னால் செலவுக்குக் கரை இருக்காது. ஜெர்மனியின் லிட்ல் கடை நிறுவனம் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும் வழக்கத்தை விடவில்லை, எஸ்.ஏ.பி. மென்பொருளோ விற்பனை விலையை வைத்துக் கட்டப்பட்டது. ஏழு ஆண்டும், பத்திரிகைகள் எழுதியபடி சுமார் 50 கோடி யூரோவும் போன பிறகு 2018-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

எங்கள் ஆலையில் பிறகு வேறு மென்பொருள் வந்தது. வாங்கியதும் பழையதை நிறுத்தவில்லை. இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். ஒவ்வொருவருக்கும் பழைய தொகை ஒரு பக்கம், புதிய தொகை ஒரு பக்கம், நடுவில் வித்தியாசம். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் அந்தப் பட்டியலை முடிக்க ஒன்பது நாள் பிடித்தது. பல வரிகளில் தப்பு பழைய மென்பொருளில் இருந்தது, அதுவரை எங்களுக்கே தெரியாது.

அடுத்த ஒப்பந்தம் வந்தபோதும் கையெழுத்து தாமதம்தான், ஐந்து மாத அரியர்ஸ். சீட்டு கொடுத்த மறுநாள் அந்த அக்கா மறுபடி ஜன்னலுக்கு வந்தார், இந்த முறை ஐந்து தாள்களோடு. ஜன்னல் திண்டில் அவற்றை வரிசையாகப் பரப்பி, சீட்டில் இருந்த ஒவ்வொரு மாதத்தின் ஓ.டி. மணியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒத்துப் பார்த்தார். நான்காவது தாளில் நின்றார். சீட்டில் பதினாறு மணி, தாளில் பதினெட்டு. இரண்டு மணி நேரத்துக்கான ஓ.டி. சீட்டில் மேஸ்திரி கையெழுத்துப் போட மறந்திருந்தார். அன்று மதியமே அதை வாங்கி, உண்மையான தேதியோடு உள்ளே ஏற்றினோம். அடுத்த மாதச் சீட்டில் அந்த இரண்டு மணி நேரம் தனி வரியாக, பழைய மாதத்தின் பெயரோடு வந்து நின்றது.