மார்கழி லீவுக்கு யாழ்ப்பாணம் வருகிறீர்களா? முதலில் பிள்ளையைக் கேளுங்கள்

செப்டெம்பர் பிறந்தால் என் போனுக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, மார்கழி லீவுக்குப் பிள்ளையளோட வாறம். யாழ்ப்பாணத்திலை நாலு நாள்தான் நிக்கேலும். வானும் அறையும் பாத்துத் தாங்கோ." ரொறன்ரோவில் இருந்து, லண்டனில் இருந்து, சூரிச்சில் இருந்து. இப்படி வரும் குடும்பங்களுக்கு வாகனம், தங்குமிடம், போகவேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொடுப்பதுதான் பல வருடங்களாக என் தொழில். செய்தியோடு ஒரு பட்டியலும் வரும். நல்லூர், கோட்டை, நூலகம், கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு, கசூரினா கடற்கரை, பருத்தித்துறை, அதற்குக் கீழே பெரியம்மா வீடு, சின்ன மாமா வீடு, அப்பாவோடு படித்தவர் வீடு. பட்டியலைப் பார்த்ததும் நான் திருப்பிக் கேட்பது, "பிள்ளையளுக்கு எத்தினை வயசு? அவையளைக் கேட்டனீங்களோ?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "அவைக்கு என்ன தெரியும், நாங்கள் கூட்டிக்கொண்டு போற இடத்துக்கு வருவினம்" என்று வரும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை வரும். பதினைந்து வயதுப் பிள்ளை வானுக்குள் ஏறும், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. நான்கு நாளில் பதினொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, பலகாரம், "என்ன படிக்கிறாய், தமிழ் கதைப்பியோ" என்ற அதே இரண்டு கேள்வி. பதினாறு வயது மகள் பின் இருக்கையில் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தாள். பிள்ளைக்கு ஊர் பிடிக்கவில்லை என்று தாய்க்கு ஒரே கவலை, என்னிடம் இரண்டு தரம் சொல்லிக் கண் கலங்கினார். கடைசி நாள் பின்னேரம் கோட்டைப் பக்கம் வானை நிறுத்தியபோது அந்தப் பிள்ளை மெதுவாக என்னிடம் வந்து, "அங்கிள், இங்க சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாமா?" என்று கேட்டது. அடுத்த நாள் விடிய அவர்களுக்குக் கொழும்பு ரயில். நான்கு நாளும் வான் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு வந்தது சைக்கிளில் போகிற தன் வயதுப் பெட்டைகளைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து, பிள்ளையோடு வீடியோ அழைப்பில் பத்து நிமிடமாவது கதைக்காமல் நான் எந்தக் குடும்பத்துக்கும் திட்டம் எழுதிக் கொடுப்பதில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் வரும் பதில்கள் பெற்றோரையே திகைக்க வைக்கும். ஒரு பையன் கேட்டது, அப்பா சின்ன வயதில் ஓடித் திரிந்த ஒழுங்கையை நடந்து பார்க்க வேண்டும் என்று. இன்னொரு பிள்ளைக்கு இரவில் கொத்து ரொட்டி போடுகிற சத்தத்தை வீடியோ எடுக்க வேண்டும். பலர் கேட்பது ஒரு நாள் காலையில் யாரும் எழுப்பாமல் விடச் சொல்லி. இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, ஆனால் இதைச் செய்துவிட்டால் மாமா வீட்டுக்கு வரச் சொன்னால் முகம் கோணாமல் வருகிறார்கள், நான் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. சொந்தக்காரர் வீடுகளை விடச் சொல்லவில்லை, அவர்களைப் பார்க்கத்தானே வருகிறீர்கள். ஒரு நாள் ஒரே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு மத்தியானம் சமையல் வைத்தால் பதினொரு வீடு ஒரு வீடாகிவிடும். அங்கே வயதொத்த மச்சான், மச்சாள் இருந்தால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சரி, மழைக்கு வருவோம். இலங்கை என்றால் டிசம்பரில் வெயில் என்று நினைத்துத்தான் நிறையப்பேர் ரிக்கெட் போடுகிறார்கள். அது தென்மேற்குக் கரைக்குச் சரி. வடக்கில் அந்த நேரம் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், வருட மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்குள் பெய்து முடிந்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலும், 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலும் குடாநாட்டை வெள்ளத்தில் விட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. கிறிஸ்மஸ் லீவு தொடங்கும் நேரம் மழையின் மூர்க்கம் பொதுவாகக் குறைந்திருக்கும், ஆனாலும் ஒரு தாழமுக்கம் வந்தால் இரண்டு மூன்று நாள் அப்படியே போய்விடும். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் வெளியே ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பயந்து வராமல் விடத் தேவையில்லை. குளங்கள் நிரம்பி, வயல் பச்சையாகி, இந்த ஊர் வருடத்தில் மிக அழகாக இருப்பது அந்தக் கிழமைகளில்தான், நீரேரிகளில் வலசைப் பறவைகளும் வந்து இறங்கியிருக்கும், சில நாட்களில் பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். மழை நாளில் யாராவது வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். நண்டும் இறாலும் போட்ட கூழைப் பிலாவிலையில் ஊதி ஊதிக் குடித்த ஒரு லண்டன் பிள்ளை இன்னும் எனக்கு அதைப் பற்றி எழுதும்.

தீவுப் பயணத்தை மட்டும் ஒரு குறிப்பிட்ட நாளுக்குக் கட்டிப் போடாதீர்கள். நானே ஒரு முறை அந்தப் பிழையை விட்டேன். நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்ப்பதற்காகவே வந்த ஒரு பையனுக்கு மூன்றாம் நாளை அதற்கென்று ஒதுக்கி வைத்தேன். படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கடல் கொந்தளிப்பால் படகு ஓடாது என்று தெரிந்தது. முதல் இரண்டு நாளும் கடல் அமைதியாகத்தான் இருந்தது, நான் அன்றைக்கே போகச் சொல்லியிருக்க வேண்டும். நெடுந்தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம், நயினாதீவுக்கு இருபது நிமிடத்துக்குள். எதுவானாலும் முந்தின நாள் இரவு வானிலை அறிவிப்பைப் பார்த்து, விடியக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். உயிர்காப்பு அங்கி போடாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம். பௌர்ணமி தினத்தில் தெற்கில் இருந்து பௌத்த யாத்திரிகர்கள் நயினாதீவில் உள்ள நாகவிகாரைக்குத் திரண்டு வருவார்கள், அங்கே போக அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

கனடாவில் இருந்து வருபவர்களுக்குத் தூக்கம் ஒரு பெரிய பிரச்சினை. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். பகல் இரவு அப்படியே மாறிப்போகும். முதல் இரண்டு நாள் பதின்ம வயதுப் பிள்ளைகள் மத்தியானம் விழுந்து படுப்பார்கள், விடிய மூன்று மணிக்கு முழித்து அறைக்குள் போனைத் தட்டிக்கொண்டு இருப்பார்கள். இதைப் பெற்றோர் சோம்பல் என்று ஏசுவதைக் கேட்க எனக்கு மனம் நோகும். அந்த முழிப்பைப் பயன்படுத்தச் சொல்லித்தான் நான் சொல்வேன். மார்கழியில் திருவெம்பாவை வரும் பத்து நாளும் எங்கள் ஊர்களில் விடியற்காலம் சங்கும் சேமக்கலமும் கேட்கும். ஒரு முறை லீவு அந்த நாட்களோடு பொருந்தி வந்தது. நித்திரை வராமல் இருந்த அண்ணனும் தங்கையும் நான்கு மணிக்குத் தாயோடு நடந்து போய்க் கோயில் வாசலில் நின்று கேட்டுவிட்டு, திரும்பி வரும்போது தெருக் கடையில் சுடச்சுடப் பால் தேத்தண்ணி குடித்தார்கள். பட்டியலில் எழுதாத அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் புறப்படும்வரை கதைத்தார்கள்.

கோயில் என்றதும் ஒன்று. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம், உள்ளே படம் எடுக்கவும் முடியாது. பெற்றோருக்கு இது மூச்சு விடுவது மாதிரிச் சாதாரணம். பதினாலு வயதில் தன் உடம்பைப் பற்றிக் கூச்சம் பிடித்திருக்கும் பையனுக்கு அது வாசலில் வைத்துத் தெரிய வந்தால் என்ன ஆகும்? ஒரு பையன் மாட்டேன் என்று நின்றுவிட்டான், தாத்தா எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினார், அந்த நாளே பாழாய்ப் போனது. விமானம் ஏற முதலே வீட்டில் சொல்லி வையுங்கள், விருப்பமில்லையென்றால் வெளிவீதியில் நின்று கும்பிடட்டும். பெண் பிள்ளைகளுக்கும் என்ன உடுப்புக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

நூலகத்துக்குப் போகும்போது இதைவிடக் கவனம் தேவை. அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் எந்தப் பதின்ம வயதுப் பிள்ளையும் கேட்கும் கேள்வி, ஏன் எரித்தார்கள் என்பது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் எரிந்த அந்த நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. தகப்பன்மார் சிலர் அந்தக் கேள்விக்குப் பேசாமல் நடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கு வலிக்கும் இடம், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை இரவு அறைக்குப் போய்ப் போனில் தேடும், அங்கே என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. நூலகம், போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு, தங்கள் வீடு என்ன ஆனது, இவற்றை எவ்வளவு சொல்வது என்று தாயும் தகப்பனும் வர முதலே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லத் தேவையில்லை. நூலகம் பார்த்த நாள் பின்னேரத்தை வெறுமையாக விட்டு, பிள்ளையோடு கோட்டை மதிலில் ஏறி நீரேரியைப் பார்த்துக்கொண்டு இருங்கள். போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகப் பெருப்பித்த கோட்டை அது, 1990 சண்டையில் நொறுங்கியது. கேள்விகள் தாமாக வரும்.

சைக்கிள் விஷயத்தை விட்டுவிட்டேன். யாழ்ப்பாணம் தட்டையான ஊர், கோட்டை, நூலகம், சந்தை, நல்லூர் எல்லாம் சில கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். நான்கு நாளில் ஒரு அரை நாளைப் பிள்ளையிடம் கொடுங்கள். தனியே விட வேண்டாம், சகோதரமோ மச்சானோ கூடப் போகட்டும். வாகனங்கள் வலது பக்கம் போகும் நாட்டில் வளர்ந்த பிள்ளை சந்தியில் திரும்பும்போது தன்னையறியாமல் வலதுக்கு ஏறும், ஆகவே முதலில் ஒழுங்கைக்குள் அரை மணி நேரம் ஓட விடுங்கள். டிசம்பரில் ஆறு மணியோடு இருண்டுவிடும், அதற்கு முன் நல்லூரடியில் ஐஸ்கிறீம் கடையில் சந்திப்போம் என்று வைத்துக்கொண்டால் நேரத்துக்கு வருவார்கள். போனில் உள்ளூர் சிம் இருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஊர் மச்சான் ஆசையாக "ஏறடா" என்பான், ஹெல்மெட் இருக்காது, சிலவேளை ஓட்டுபவனுக்கே லைசென்ஸ் இருக்காது. நீங்கள் எடுத்து வந்த பயணக் காப்புறுதி அப்படியான விபத்துக்குப் பணம் தராமல் போகலாம். மழைக்குப் பிறகு வீதிக் குழிகளில் வெள்ளம் நிற்கும், ஆழம் தெரியாது. அதே மாதிரிக் கடல் குளிப்பும்: கசூரினா மற்ற மாதங்களில் முழங்கால் ஆழத்தில் அமைதியாகக் கிடக்கும், காற்று அடிக்கும் மார்கழி நாளில் அப்படி நம்பி இறங்கக்கூடாது.

கடைசியாக நுளம்பு. டெங்கு யாழ்ப்பாணத்தில் கூடுவது மழையோடுதான், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, அதாவது நீங்கள் வரும் அதே கிழமைகளில். அந்த நுளம்பு கடிப்பது பகலில், ஆகவே இரவுக்கு வலை கட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், காலையிலேயே கைகாலுக்கு நுளம்பு விரட்டிக் களிம்பு பூச வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வயதுக்கேற்ற அளவில் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். வெளிநாட்டு வீடுகளில் கைப்பையிலேயே இருக்கும் ஐபியூபுரோஃபன், அஸ்பிரின் இரண்டும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும், கொடுக்கக் கூடாது. நிறைய நீராகாரம் கொடுத்து, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்து வானில் ஏற்றிவிட வேண்டாம், ஆபத்தான நேரம் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்ந்து படுத்தல், பல் முரசில் இரத்தம், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கடிபட்டு இரண்டு கிழமை வரை கழித்தும் காய்ச்சல் வரலாம். வீடு திரும்பிய பிறகு பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் காய்ச்சல் வந்தால், அங்குள்ள வைத்தியர் அதைக் குளிர்காலச் சளிக்காய்ச்சல் என்று நினைக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருந்து இப்போதுதான் வந்தோம் என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.